புது போல்ட் அக்சன் றைபிள், ஸ்கோப், கையால் கட்டும் ரவை: முள்ளியவளை முற்றத்தில் என்னிடம் கேட்ட கேள்விகள்

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்து இந்த முறை ஒரு மாதம் முல்லைத்தீவுப் பக்கம் எங்கள் ஊர் முள்ளியவளையில் நின்றேன். கனடாவில் நான் குறி சுடும் கழகம் ஒன்றில் இருப்பதும், போன வருடம் புதிதாக ஒரு றைபிள் வாங்கியதும் எனக்கு முன்பே ஊருக்கு வந்து சேர்ந்திருந்தன. தங்கச்சியின் வேலை. பின்னேரம் முற்றத்தில் கதிரையைப் போட்டால் போதும், கேள்வி தொடங்கிவிடும். ஒரே கேள்விக்குப் பத்துத் தரம் பதில் சொல்லிக் களைத்துப்போய் எழுதி வைத்ததுதான் இது. இதில் வரும் துவக்கு வேலை எல்லாம் கனடாவில், அங்குள்ள சட்டத்துக்குள் நடப்பது. வன்னியில் செய்து பார்ப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. ஏன் என்பது கீழே வருகிறது.

சொற்களில் குழப்பம் வராமல் இருக்க ஒன்று: பறந்து போய் இலக்கில் படுவது சன்னம். பித்தளைக் கூடு கோது. கோது, சன்னம், வெடிமருந்து எல்லாம் சேர்ந்த முழுப் பொருள் ரவை.

துவக்கைக் கொண்டு வந்தனியோ?

இல்லை மாமி. அது கனடாவில் பூட்டின பெட்டிக்குள் இருக்கிறது. கட்டுநாயக்கா எயாப்போட்டில் நான் மாட்டுப்பட வேண்டும் என்று ஆசையோ?

அங்கை கடையிலை போய்க் காசைக் குடுத்தால் தருவினமோ?

தர மாட்டார்கள். முதலில் பாதுகாப்பு வகுப்பு, அதில் எழுத்துச் சோதனை, கையால் செய்து காட்டும் சோதனை. பிறகு பொலிஸ் பின்னணி பார்க்கும், உங்களைத் தெரிந்தவர்களிடம் விசாரிக்கும். புதிதாக விண்ணப்பிப்பவர் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும். லைசென்ஸ் 5 வருடத்துக்கு. வீட்டில் துவக்கை ரவை இல்லாமல், பூட்டித்தான் வைக்கலாம். 2020-இல் நிறைய மொடல்களைத் தடை செய்தார்கள், 2022-இல் கைத்துப்பாக்கி விற்பனையை நிறுத்தினார்கள். சாதாரண போல்ட் அக்சன் அந்தப் பட்டியல்களுக்கு வெளியே நிற்பதால்தான் எங்கள் விளையாட்டு ஓடுகிறது.

போல்ட் அக்சன் எண்டால் என்ன? ரி-56 மாதிரி இல்லையோ?

கதவுத் தாழ்ப்பாளை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை மேலே தூக்கி, பின்னால் இழுத்தால் சுட்ட கோது வெளியே விழும். முன்னால் தள்ளினால் அடுத்த ரவை உள்ளே போகும். கைப்பிடியை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சூட்டுக்கும் இதைக் கையால் செய்யவேண்டும். ஏகே வகைத் துவக்கான ரி-56 தன் பாட்டில் அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும், அதற்காக உள்ளே பல பாகங்கள் முன்னும் பின்னும் ஓடுகின்றன. போல்ட் அக்சனில் சுடும் நேரத்தில் அப்படி ஓடுகிற பாகம் இல்லை, ரவை ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி இருக்கும். குறி சுடுகிறவர்களுக்கு வேண்டியது அந்த ஒரே மாதிரிதான். மெதுவாகச் சுடவேண்டியிருப்பதும் நல்லதுக்கே. நான் ஒரு மணித்தியாலத்தில் 20 ரவைக்கு மேல் சுடுவது அபூர்வம்.

7.62 எண்டு சொல்லுறாய். அப்ப ஏகே ரவைதானே?

மச்சான்மார் எல்லோரும் கேட்ட கேள்வி. இந்த ஊரில் பத்து வயதுப் பிள்ளைக்கும் அந்த இலக்கம் தெரிந்திருந்த காலம் ஒன்று இருந்ததே. 7.62 என்பது குழலின் உட்பருமன், மில்லிமீற்றரில். இலக்கம் ஒன்று, சாமான் வேறு. ஏகேயின் கோது 39 மில்லிமீற்றர் நீளம். என்னுடையது .308 வின்செஸ்ரர், 1952-இல் கடைக்கு வந்தது, கோது 51 மில்லிமீற்றர். சன்னத்தின் பருமனிலும் ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் உண்டு. ஒன்றுக்கு மற்றது பொருந்தாது, பொருத்திப் பார்க்கவும் கூடாது.

1868-இல் தொடங்கிய டொமினியன் ஒஃப் கனடா றைபிள் அசோசியேசன் ஒட்டாவாவுக்குப் பக்கத்தில் கொனோட் திடலில் 300 மீற்றரில் இருந்து 900 மீற்றர் வரை போட்டி வைக்கிறது. அங்கே பழைய முறைப் போட்டிகளில் .308-தான் வழமை. நான் இப்போதைக்கு 300-ஐத் தாண்டவில்லை.

புதுத் துவக்கு கைக்கு வந்த உடனை சுட்டுப் பாத்தனியோ?

ஆசை இருந்தது. ஆனால் முதல் இரண்டு கிழமை ஒரு வெடியும் வைக்கவில்லை. குழலுக்குள் தொழிற்சாலை பூசிய எண்ணெய் இருக்கும், அதைத் துணியால் இழுத்துத் துடைக்கவேண்டும். குழலும் போல்டும் சேர்ந்த இரும்புப் பகுதியைப் பிடங்கோடு, அதாவது தோளில் வைக்கும் கட்டையோடு, சேர்க்கும் ஸ்குரூக்களை, செய்தவனின் கைநூலில் சொன்ன இறுக்கத்துக்குப் பூட்டவேண்டும். கையால் "இது காணும்" என்று இறுக்குவது சைக்கிளுக்குச் சரி, இதற்குச் சரிவராது. இறுக்கத்தை இலக்கமாகக் காட்டும் திருகி ஒன்று கட்டாயம் வேண்டும்.

அடுத்தது கடதாசிச் சோதனை. ஒரு தாளைக் குழலுக்கும் முன்கட்டைக்கும் இடையில் விட்டு இழுத்துக்கொண்டு போனால், எங்கும் சிக்காமல் வரவேண்டும். கட்டை குழலில் முட்டினால், சூடேறும்போதோ பிடிக்கும் பிடி மாறும்போதோ குழல் ஒரு மயிரிழை தள்ளுப்படும். இங்கே மயிரிழை, 300 மீற்றரில் ஒரு சாண். என்னுடையதில் ஒரு பக்கம் தாள் சிக்கியது. மண்தாள் போட்டுத் தேய்த்துச் சரிசெய்ய ஒரு பின்னேரம் போனது.

பிறகு பிடங்கின் நீளம், கன்னம் வைக்கும் உயரம். கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்து, கண்ணைத் திறந்தால் ஸ்கோப்புக்குள், அதாவது துவக்கின் மேல் பூட்டிக் குறி பார்க்கும் தூரக்கண்ணாடிக்குள், முழு வட்டமும் தெரியவேண்டும். கழுத்தை நீட்டித் தேடவேண்டி வந்தால் உயரம் பிழை.

புதுக் குழலை ஒவ்வொரு வெடிக்கும் ஒருக்கால் துடைத்து "பழக்க" வேண்டும் என்று ஒரு கதை உண்டு. சிலர் சத்தியம் பண்ணுவார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. முதல் பத்து வெடிக்கு இரண்டு தரம் துடைத்தேன், அவ்வளவுதான்.

ஸ்கோப் பூட்டுறது பெரிய வேலையோ? கண்ணாடிக் குழாய்தானே?

எல்லாப் பிழையும் வருகிற இடம் அதுதான். என் முதல் துவக்குக்கு, அது வேறு, பழையது, கடையிலேயே ஸ்கோப்பைப் பூட்டித் தந்தார்கள். 100 மீற்றரில் இரண்டு வெடி ஒட்டிப் படும், மூன்றாவது ஒரு சாண் தள்ளிப் படும். என் மூச்சைப் பிழை சொன்னேன், ரவையைப் பிழை சொன்னேன், காற்றைப் பிழை சொன்னேன். மூன்று கிழமை, நூற்றுச் சொச்சம் ரவை. கடைசியில் கழகத்தில் ஒரு கிழவன் வந்து ஸ்கோப்பைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஸ்கோப்பைத் தாங்கும் தண்டவாளத்தின் பின் ஸ்குரூ அரைச் சுற்றுத் தளர்வு. அன்றிலிருந்து ஸ்குரூ எல்லாவற்றையும் நானே கழற்றி, எண்ணெய் துடைத்து, அளவுக்கு இறுக்கி, தலையில் ஒரு வெள்ளைக் கோடும் போட்டுவிடுகிறேன். கோடு விலகினால் தளர்ந்திருக்கிறது என்று உடனே தெரியும்.

ஸ்கோப்பைக் கண்ணில் இருந்து எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பது இன்னொன்று. அனேகமான ஸ்கோப்புக்கு ஒன்பது, பத்து சென்ரிமீற்றர். கிட்ட வைத்தால் உதை வரும்போது ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் பிறை போட்டு வெட்டும். கழகத்தில் நாலு பேருக்கு அந்தத் தழும்பு இருக்கிறது.

ஸ்கோப்புக்குள் தெரியும் சிலுவைக் கோடு நேர் குத்தாக நிற்கவேண்டும். சரிந்து நின்றால் கிட்டத்தில் தெரியாது, தூரத்துக்கு மேலே திருகத் திருகச் சன்னம் பக்கத்துக்குப் போகும். அதற்கு விலை கூடிய கருவிகள் விற்கிறார்கள். நான் செய்தது எங்கள் மேசன்மார் செவர் கட்டும்போது செய்வதுதான்: தூக்குக் குண்டு. றைபிளை மட்டம் பார்த்து அசையாமல் வைத்துவிட்டு, தூரத்தில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, சிலுவையின் குத்துக் கோடு நூலோடு ஒட்டும் வரை ஸ்கோப்பை வளையத்துக்குள் உருட்டினேன். இதைச் சொன்னதும் சித்தப்பாவுக்கு ஒரே சந்தோசம். அவர் நாற்பது வருடம் மேசன்.

சீரோ பண்ணுறது எண்டால்?

சிலுவை பார்க்கும் இடமும் சன்னம் படும் இடமும் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் ஒன்றாக வரும்படி செய்வது. நான் 100 மீற்றரில் வைக்கிறேன்.

முதலில் வெடியே இல்லாமல். போல்டைக் கழற்றிவிட்டு, பின்பக்கத்தால் குழலுக்குள் பார்த்தால் தூரத்தில் இலக்கு ஒரு வட்டத்துக்குள் தெரியும். துவக்கை அசைக்காமல் ஸ்கோப்பின் சிலுவையையும் அதே இலக்குக்குத் திருகவேண்டும். அப்புறம் 25 மீற்றரில் இரண்டு வெடி. அங்கே சன்னம் கொஞ்சம் கீழே படுவதுதான் சரி, ஏனென்றால் ஸ்கோப் குழலுக்கு மேலே இருக்கிறது. பிறகு 100.

இங்கேதான் புது ஆட்கள் மருந்தைக் கரைக்கிறார்கள். ஒரு வெடி வைப்பார்கள், திருகுவார்கள். இன்னொன்று வைப்பார்கள், மறுபக்கம் திருகுவார்கள். ஒரு வெடி ஒன்றும் சொல்லாது. ஐந்து வெடி ஒரே இடத்தைப் பார்த்துச் சுட்டு, அந்த ஐந்து ஓட்டையின் நடுவை அளக்கவேண்டும். என் முதல் ஐந்தின் நடு 6 சென்ரிமீற்றர் வலப்பக்கம், 11 சென்ரிமீற்றர் கீழே. என் ஸ்கோப்பின் திருகு ஒரு படி திரும்பும் ஒரு கிளிக், 100 மீற்றரில் 1 சென்ரிமீற்றர். இடப்பக்கம் 6 கிளிக், மேலே 11 கிளிக். திரும்ப ஐந்து. பிறகு ஒரு கிளிக்தான் மிச்சம் இருந்தது. அதையும் திருகிக் கடைசியாக ஐந்து. மொத்தம் 17 ரவை சுட்டதோடு அன்றைக்கு வீட்டுக்குப் போய்விட்டேன்.

300 மீற்றருக்குப் போனால் அதே சன்னம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கீழே விழும். அதற்கு எத்தனை கிளிக் என்று சுட்டுப் பார்த்துக் கொப்பியில் எழுதவேண்டும். கொம்பியூட்டரும் கணக்குப் போட்டுத் தரும். நான் கொப்பியைத்தான் நம்புகிறேன்.

அப்பு இடியனுக்கு மருந்து அளந்து போட்டு இடிச்சதும், நீ ரவை கட்டுறதும் ஒண்டுதானே?

நல்ல கேள்வி, அப்பு இருந்திருந்தால் அவரே கேட்டிருப்பார். யோசனை ஒன்றுதான். இடியனில் கறுப்பு மருந்தைக் குழலின் வாயால் போட்டு, தும்பு வைத்து, கோலால் இடித்து, தட்டினால் பொறி தரும் கேப்பு வைத்துச் சுடுவது. எங்களுடையதில் கேப்பு, மருந்து, சன்னம் மூன்றும் கோதுக்குள் அடக்கம். ஆனால் மருந்து முற்றிலும் வேறு. நாங்கள் பாவிக்கும் புகையில்லா மருந்தின் அமுக்கம் பல மடங்கு. இடியனுக்குள் அதைப் போட்டால் இடியனும் இல்லை, பிடித்தவன் கையும் இல்லை.

சுட்ட கோதைப் பொறுக்கி, கழுவி, பிறெஸ்ஸில் வைத்து அழுத்தினால் ஊதியது பழைய அளவுக்கு வரும். நீண்டிருந்தால் கழுத்தை வெட்டவேண்டும். புதுப் பிறைமர், இதுதான் எங்கள் கேப்பு, வைத்து, மருந்தை நிறுத்துப் போட்டு, சன்னத்தை ஒரே ஆழத்துக்கு அமுக்கிவிட்டால் ரவை. கழுத்தில் வெடிப்பு விழுந்த கோதை எறிந்துவிடவேண்டும்.

மருந்து நிறுப்பது கிரெயின் கணக்கில். 7000 கிரெயின் ஒரு இறாத்தல். தட்டார் குன்றிமணி வைத்துப் பொன் நிறுத்த காலத்தை நினைத்தால் விளங்கும்: ஒரு குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின். நாங்கள் கிரெயினின் பத்தில் ஒன்றுக்குச் சண்டை பிடிக்கிறோம்.

அப்ப எவ்வளவு மருந்து போடுவாய்? சொல்லன்.

சொல்ல மாட்டேன். ஒளிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், கழகத்திலும் ஒருவரும் சொல்வதில்லை. மருந்து, சன்னம் செய்யும் கம்பனிகள் அச்சிடும் புத்தகத்தில் தொடக்க அளவும் உச்ச அளவும் இருக்கும். தொடக்கத்தில் இருந்து சிறிது சிறிதாக ஏறி, ஒவ்வொரு படியிலும் சுட்டுப் பார்த்து, எது சின்ன வட்டமாக விழுகிறதோ அங்கே நிற்கவேண்டும். என் துவக்குக்குச் சரியானது பக்கத்துக்காரன் துவக்குக்கு ஆபத்தாக இருக்கலாம். போல்ட் கைப்பிடி தூக்க இறுகினால், பிறைமர் தட்டையாக நசிந்து வந்தால், அந்த இடத்தில் நிறுத்தவேண்டும். எனக்குச் சரிவந்தது உச்சத்துக்கு நன்றாகக் கீழேதான். வேகம் கூடினால் குறி கூடும் என்று நினைப்பது பிழை.

மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்துப் போத்தல். போன் பக்கத்தில் இல்லை. பாட்டு இல்லை. ஒருமுறை தங்கச்சி கோல் எடுத்தாள், கதைத்துக்கொண்டே கட்டினேன். அடுத்த ஞாயிறு றேஞ்சில், அதாவது சுடும் திடலில், விசையை இழுத்தேன், "டுப்" என்று ஒரு சத்தம், உதையே இல்லை. கை தன் பாட்டில் போல்டுக்குப் போனது. பக்கத்தில் படுத்திருந்தவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒரு கோதுக்கு மருந்து போட மறந்திருந்தேன். பிறைமர் மட்டும் வெடித்து, சன்னம் குழலின் தொடக்கத்தில் இறுகி நின்றது. அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும். பித்தளைக் கம்பி விட்டுத் தட்டி எடுத்தோம். இப்போது மருந்து போட்டவுடன் 50 கோதையும் பலகையில் நிரையாக வைத்து, ரோச் அடித்து ஒவ்வொன்றுக்குள்ளும் பார்த்த பிறகுதான் சன்னத்தைத் தொடுகிறேன்.

கையாலை கட்டினால் மலிவோ?

ஒரு ரவைக்கு மலிவு. ஆனால் பிறெஸ், கோதை அளவாக்கும் டை என்ற அச்சு, தராசு, சன்னம் என்று வாங்கி, மலிவாக இருக்கிறது என்று இரண்டு மடங்கு சுட்டு, கடைசியில் கூடச் செலவழிப்பீர்கள். எல்லோருக்கும் இதுதான் கதி.

காத்துக்குச் சன்னம் அசையுமோ? அவ்வளவு வேகத்திலை போறதெல்லே?

அசையும். குழலை விட்டு வெளியே வரும்போது செக்கனுக்கு 850 மீற்றருக்கு மேல், உண்மை. ஆனாலும் மணிக்கு 16 கிலோமீற்றர் காற்று குறுக்கே அடித்தால் 300 மீற்றரில் கிட்டத்தட்ட ஒரு சாண் தள்ளும். இங்கே வைகாசியில் சோளகக் காற்று அடிக்கும்போது வயலில் நின்று பாருங்கள்: கிட்ட நெல்லுத் தலை ஒரு பக்கம் சாயும், தூரத்துப் பனையோலை வேறு மாதிரி ஆடும். சன்னம் அந்த இரண்டு காற்றுக்குள்ளாலும் போகவேண்டும். றேஞ்சில் அதற்குக் கொடி நட்டு வைத்திருப்பார்கள். கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் ஸ்கோப்பால் பார்ப்போம். முத்தையன்கட்டுப் பக்கம் வயலில் காவல் இருந்து வளர்ந்ததால் காற்றுப் பார்ப்பது எனக்குக் கழகத்தில் மற்றவர்களை விடச் சுகமாக வந்தது. துவக்கு வேலையில் ஊரால் வந்த ஒரே நன்மை.

இப்பிடி ஒண்டு இருந்தால் பண்டிக்கும் குரங்குக்கும் நல்லதெல்லே?

கூடாது. .308 சன்னம் தவறினால் மூன்று கிலோமீற்றருக்கும் அப்பால் போய் விழலாம். முள்ளியவளையில் இருந்து அவ்வளவு தூரத்துக்குள் எத்தனை வீடு, பள்ளிக்கூடம் என்று எண்ணிப் பாருங்கள். றேஞ்சில் இலக்குக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறது, வயலில் என்ன இருக்கிறது? பயிர்க் காவலுக்கு இங்கே அனுமதி கொடுப்பது சின்னக் குண்டுகள் சிதறச் சுடும் ஷொட்கண்ணுக்கு. வருடாவருடம் புதுப்பிக்கவும் வேண்டும். 1916-இல் வந்த சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்னும் அதுதான். மிருகம் இடறினால் வெடிக்கும்படி வழியில் கட்டி வைக்கும் கட்டுத்துவக்கைப் பற்றி ஒருவரும் என்னிடம் கேட்க வேண்டாம். பண்டிக்குக் கட்டியது விறகுக்குப் போனவனின் காலைக் கொண்டுபோன கதை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கிணறு கிண்டேக்கை எடுத்த ரவை கிடக்கு. அதைத் திரும்பக் கட்டலாமோ?

பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவன் காற்சட்டைப் பைக்குள் இருந்து எடுத்து உள்ளங்கையில் நீட்டினான். கோது முழுக்கப் பச்சைக் களிம்பு, சன்னம் இன்னும் வாயில். அடியைப் பார்த்தேன், பிறைமரில் ஊசி அடித்த தடம் இல்லை. சுடாத ரவை. மெதுவாகக் கீழே வைக்கச் சொல்லி, ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, 119-க்கு எடுத்தோம்.

எடுக்கவும் வேண்டாம், தட்டவும் வேண்டாம், கழற்றவும் வேண்டாம். ஒரு ரவை கிடந்த இடத்தில் அதைவிடப் பெரியதும் கிடக்கலாம். ஹலோ ட்ரஸ்ட் 2002-இல் இருந்து வடக்கில் கண்ணிவெடி எடுக்கிறது, இன்னும் முடியவில்லை. இடத்தை அடையாளம் வைத்துவிட்டுப் பொலிசுக்கோ கிராம சேவகருக்கோ சொல்லுங்கள். அனுமதி இல்லாமல் இங்கே ரவை வைத்திருப்பதும் கட்டுவதும் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் பதினைந்து வருடத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த மருந்து என்ன செய்யும் என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்காது.

உனக்கு அந்தச் சத்தம் ஒண்டும் செய்யேல்லையோ?

சித்தி கேட்டது. அவ அதுவரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை, சுளகில் அரிசி புடைத்துக்கொண்டு இருந்தா.

செய்தது. முதல் நாள் மற்றவர்கள் சுடத் தொடங்கினவுடன் நான் போய்க் காருக்குள் இருந்துவிட்டேன். காதுக்குள் நுரை அடைப்பானும் அதன் மேல் மூடியும் போட்டிருந்தேன், றைபிள் சத்தத்துக்கு இரண்டும் வேண்டும், ஆனாலும் நெஞ்சுக்குக் கேட்டது. மூன்றாம் ஞாயிறுதான் ஒரு வெடி வைத்தேன். பிறகும் திரும்பத் திரும்பப் போனதற்குக் காரணம் றேஞ்சின் ஒழுங்கு என்று நினைக்கிறேன். சுடுவதற்கு முன் சொல்வார்கள். சிவப்புக் கொடி ஏற்றுவார்கள். ஆட்கள் இலக்கைப் பார்க்கப் போகும்போது எல்லாப் போல்டும் திறந்து, உள்ளே மஞ்சள் பிளாஸ்ரிக் துண்டு வைத்திருக்கவேண்டும், ஒருவரும் துவக்கைத் தொடக்கூடாது. ஏதாவது பிழை கண்டால் யாரும் "சீஸ்ஃபயர்" என்று கத்தலாம், தகப்பனோடு வந்த சின்னப் பிள்ளைகூட.

"சீஸ்ஃபயரோ?" என்று சித்தி கேட்டா. இரண்டாயிரத்து இரண்டு யுத்த நிறுத்தத்தில் இருந்து அந்தச் சொல் இங்கே தமிழ்தான்.

"ஓம் சித்தி, அதே சொல்."

"கத்தினால் உடனை நிப்பாட்டுவினமோ?"

"நிப்பாட்டுவினம்."

"நிப்பாட்டாட்டில்?"

கழகத்தால் எடுத்துவிடுவார்கள் என்றேன். நான் இருக்கிற ஒன்பது வருடத்தில் ஒருவரை எடுத்தார்கள். அவர் சுட்டது சொல்லி இரண்டு செக்கனுக்குப் பிறகு, கேட்கவில்லை என்று நின்றார், அப்படியும் எடுத்தார்கள்.